மன்னிப்பு கேட்காத குரல்

கீச்சுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்டால், புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வாசலில் நிற்கிறாள் என்று சத்தியமே செய்துவிடுவீர்கள். தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள், "வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்பார்கள். "நான்தாங்க பெரியவ, விஷயத்தைச் சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. கீச்சு என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். வீட்டில் தொடங்கி, தெருவைச் சுற்றி, வேலை செய்யும் இடம் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. வெளிநாட்டுப் படங்களை நம் பேச்சுக்கு மாற்றும் டப்பிங் வேலை. திரையில் எந்த ஊர்ச் சிறுமி அழுதாலும் இங்கே அழுவது கீச்சுதான். கார்ட்டூன் அணிலுக்கும், காணாமல் போன இளவரசிக்கும், பேய் பிடித்த பள்ளி மாணவிக்கும் அவளேதான். "பேய் பிடிச்ச அன்னைக்கு மட்டும் தொண்டைக்கு வெந்நீர் வேணும்" என்பாள்.

டப்பிங் அறை மாடிப்படிக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பொந்து. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி. பதிவு நடக்கும்போது ஏசியை அணைத்துவிடுவார்கள். அதன் உறுமல் மைக்கில் விழுந்துவிடும். அப்புறம் வேர்க்கும். வேர்த்தாலும் கைக்குட்டையை எடுக்கக் கூடாது, துணி உரசும் சத்தம் கேட்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். வழுக்கைத் தலை, நல்ல மனசு, வாயில் எப்போதும் ஏலக்காய். அவருக்குப் பக்கத்தில் வசனக்காரர். படத்தின் பேச்சையெல்லாம் வாயசைப்புக்கு ஏற்றபடி எழுதித் தருகிறவர்.

அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த படம் கீச்சுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு துறைமுக ஊர். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி. கப்பல்களைப் படம் எடுக்க வருகிறான் ஒரு புகைப்படக்காரன். அவளைப் போல இரண்டு மடங்கு வயது. ஊரில் எல்லோரும் அவளை "ஏய் பாப்பா" என்று கூப்பிட, அவன் மட்டும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்வியில் பெண் கவிழ்ந்துவிடுகிறாள். பள்ளிக்குப் போவதை விடுகிறாள். அவன் சொன்னது அத்தனையும் பொய், அவனுக்கு இன்னொரு ஊரில் குடும்பமே இருக்கிறது என்று கடைசியில் தெரிகிறது. பிறகு ஒரு காலைப் பொழுதில், நல்ல மழையில் நனைந்தபடி, வகுப்பு பாதி நடக்கும்போது உள்ளே வருகிறாள். "இவ்வளவு நாள் எங்க போயிருந்த?" என்று ஆசிரியை கேட்கிறாள். பெண் பதில் சொல்லாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, ஈரக் கையோடு புத்தகத்தைத் திறந்து, நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறாள்: "இப்ப வந்துட்டேன். பாடத்தை நடத்துங்க."

அவ்வளவுதான் படம். இந்தக் கடைசி வசனத்தைப் பேசுவதற்காகவே கீச்சு தொண்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். மற்ற காட்சிகளையெல்லாம் மளமளவென்று முடித்தாயிற்று. கடைசித் துண்டு திரையில் ஓடியது. கையில் இருந்த வசனத் தாளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தாளில் முன்பு தந்தது இல்லை, வேறு வசனம் எழுதியிருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க டீச்சர்."

"சார், இது தப்பா வந்திருக்கு" என்றாள் மைக்கில்.

"தப்பா வரல. மாத்தியிருக்கேன்" என்றார் வசனக்காரர். "படத்தை வாங்கினவர் சொல்லிட்டார். குடும்பத்தோட வந்து பாக்கறவங்களுக்கு ஒரு திருப்தி வேணுமாம். அந்தப் பொண்ணு கெட்ட கேட்டுக்கு வந்து திமிராப் பேசினா யார் ரசிப்பாங்க? ஒரு மன்னிப்பு கேட்டுட்டா ஜனங்க உச்சு கொட்டிட்டு சந்தோஷமா எந்திரிச்சுப் போவாங்க."

கீச்சுவின் முகம் போன போக்கைப் பார்த்த ஒலிப்பதிவாளர் ஏலக்காயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உதவிக்கு வந்தார்.

"சார், வாய் பொருந்தல பாருங்க. அந்தப் பொண்ணு ஆரம்பத்துல உதட்டையே மூடல. 'மன்னிச்சிடுங்க'ன்னா எங்க ஒட்டும்? அசிங்கமா இருக்கும். பழையதே இருக்கட்டும்."

வசனக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். விரலால் தாளம் போட்டுப் பார்த்தார். தாளில் அடித்துவிட்டு எழுதினார். "தப்புதான் டீச்சர். இனிமே ஒழுங்கா இருப்பேன்." ஒலிப்பதிவாளர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். படுபாவி, அப்படியே அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. அந்தப் பெண்ணின் உதடு மூடுகிற இடத்தில் 'ப்பு' போய் ஜம்மென்று உட்கார்ந்தது.

"இப்ப என்ன குறை?" என்றார் வசனக்காரர்.

தொண்டை கட்டிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி நழுவியிருக்கலாம். ஒலிப்பதிவாளரே கண்ணாடி வழியாகத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஜாடை செய்தார். கீச்சு அதைப் பார்த்தாள். பார்த்தும், ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"வாய் நல்லாவே பொருந்துது சார். தொண்டையும் நல்லா இருக்கு. நான் இதைப் பேச மாட்டேன்."

"பேச மாட்டேன்னா?"

"பேச மாட்டேன்னா, பேச மாட்டேன். அவ என்ன தப்பு பண்ணினா, நீங்க சொல்லுங்க. பொய் சொன்னது அந்த ஆள். மன்னிப்பு மட்டும் இவ கேக்கணுமா?"

"இது சினிமா, கீச்சு."

"ஆமா சார். சினிமாவுலயாவது கேக்காம இருக்கட்டும்."

வசனக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை வருஷத்தில் அணிலாகக் கத்தச் சொன்னாலும் பேயாகச் சிரிக்கச் சொன்னாலும் ஏன் என்று கேட்காதவள். இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு என்று அவருக்குப் புரியவில்லை. புரியவும் வழியில்லை. பள்ளி நாட்களில் தனக்கு நடந்ததை அவள் வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

கீச்சு பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, அவள் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராக ஒருவர் வந்தார். ரேடியோ விளம்பரங்கள் எடுக்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமையாசிரியை அவரை வாசல் வரைக்கும் போய் அழைத்து வந்து, மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார். போட்டியில் கீச்சுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் போகும்போது அவர் அவளைத் தேடி வந்து, "பரிசு வாங்கினவங்க குரல் நாளைக்கே மறந்துடும். உன் குரல் மறக்காது" என்றார். அதுவரை அந்தக் குரலுக்கு அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கேலிதான். வகுப்பில் அவள் பாடம் படிக்க எழுந்தாலே பின்பெஞ்சில் யாராவது விசில் அடிப்பார்கள்.

அடுத்த வாரமே அவர் வீட்டுக்கு வந்தார். ஒரு சோப்பு விளம்பரத்துக்குச் சின்னப் பெண் குரல் வேண்டும், பெற்றவர்கள் அனுமதித்தால் போதும் என்று கேட்டார். அவர் வந்த விதமே தனி. கீச்சுவின் அப்பா ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். தன் கையில் கிரீஸ் இருக்கிறதே என்று அவர் தயங்கியபோது, வந்தவர் அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். தன் காரின் பானெட்டைத் திறந்து, "இந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு யாராலயும் சொல்ல முடியல சார், நீங்க பாருங்களேன்" என்றார். அப்பாவை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. மனிதர் அன்றைக்குச் சாப்பாட்டையே மறந்து காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். "என் சட்டை காலரை இந்த ஊர்ல ஒழுங்கா மடிக்கத் தெரிஞ்சது உங்க ஒருத்தருக்குத்தான்" என்று அவளிடம் சொன்னார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய் நல்ல டம்ளரைத் தேடி எடுத்தாள்.

மயங்கியது கீச்சு ஒருத்தி மட்டுமா? வீடே மயங்கிக் கிடந்தது.

விளம்பரம் பேசினாள். "அப்பா, இது நம்ம வீட்டு சோப்பு!" அவ்வளவுதான் வசனம். பிறகு இன்னொரு விளம்பரம், இன்னொன்று. பள்ளி விட்டதும் கார் தெரு முனையில் நிற்கும். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். என்ன புத்தகம் படிக்கிறாய், ஏன் அது பிடித்தது, உலகத்தில் எந்த ஊரைப் பார்க்க ஆசை என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை காத்திருப்பார். பெரியவர்கள் கேள்வி கேட்பதுண்டு. பதிலுக்குக் காத்திருந்த பெரியவர் அவளுக்கு அவர் ஒருவர்தான். "நீ மத்த பொண்ணுங்க மாதிரி இல்ல" என்று ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து தோழிகளோடு பேசுவது அவளுக்குக் குறைந்துபோயிற்று. அதைத்தான் அவர் எதிர்பார்த்தார் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பரீட்சை நெருங்கியது. "பரீட்சை எழுதி என்ன செய்யப் போற? எல்லாரும் எழுதறாங்க" என்றார். "என்கூடத் தலைநகரத்துக்கு வா. அங்க பெரிய ஸ்டுடியோ இருக்கு. உனக்கு வயசு வந்ததும் கல்யாணம் பண்ணிக்கலாம். இப்போதைக்கு வீட்டுல எதுவும் சொல்லாத, அவங்களுக்குப் புரியாது." அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பையில் உடுப்புகளை எடுத்து வைத்தாள், திரும்ப எடுத்துக் கொடியில் போட்டாள். என்ன முடிவு செய்வது என்று தெரியாமல், பள்ளிக்கு எதிரே இருந்த கடையிலிருந்து அவருடைய வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாள். அந்த எண்ணை அவர் தரவில்லை. காரில் கிடந்த ஒரு ரசீதில் பார்த்தது.

ஒரு குழந்தை எடுத்தது. "அப்பா குளிக்கிறாங்க" என்றது. அப்புறம், மிகவும் பழக்கப்பட்ட கேள்வி போல, "நீங்க எந்த அக்கா?" என்று கேட்டது.

கீச்சு போனை வைத்தாள். எந்த அக்கா. அப்படியானால் எத்தனை அக்காக்கள்? கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றார், அவள் வாங்காமலேயே நடந்துவிட்டாள்.

நேராகச் சலவைக் கடைக்குப் போனாள். அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கீச்சு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கார், ஸ்டுடியோ, கல்யாணம், குழந்தை. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள். அறை விழும் என்று கீச்சு கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

விஷயம் அதோடு முடியவில்லை. காரில் போனதை யாரோ பார்த்து, யாரோ சொல்லி, தலைமையாசிரியை காதுக்குப் போயிற்று. அப்பாவையும் அம்மாவையும் வரச்சொன்னார். பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது, காலை வணக்கத்தில் எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்பு கேட்டால் பரீட்சை எழுத விடுவேன், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுப் படியில் கால் வைத்த பிறகுதான், "ரெண்டு வார்த்தைதானே, சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு" என்றார்.

"யாருக்கு முடிஞ்சுபோச்சு?" என்றாள் அம்மா. அப்பாவிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. "அவன் சிரிச்சப்ப நானும்தான் சிரிச்சேன். நீங்களும்தான் அவன் காருக்குள்ள தலையை விட்டுட்டுக் கெடந்தீங்க. இவளை மட்டும் எதுக்கு மேடையில நிக்க வைக்கணும்?"

அதற்குப் பிறகு அப்பா கடைசிவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த மாதிரிக் கார் எதுவும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் மட்டும், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லித் தள்ளிவிட்டுவிடுவார் என்று பிற்பாடு அவரோடு வேலை செய்தவர் ஒருவர் சொல்லித்தான் கீச்சுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வணக்கத்தில் அவள் பயந்துகொண்டே மேடை ஏறினாள். முன்னால் பள்ளி முழுக்க வரிசை வரிசையாக நின்றது. மைக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டு உடற்பயிற்சி ஆசிரியர் ஒதுங்கினார். சொல்ல வேண்டியதைத் தலைமையாசிரியை முன்னாடியே சொல்லிக்கொடுத்திருந்தார். கீச்சு வாயைத் திறந்தாள், பின்வரிசையில் எவளோ பழக்க தோஷத்தில் விசில் அடித்தாள்.

அந்த விசில்தான் வினையாயிற்று. பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அந்த ஆளை இந்த ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்தது நான் இல்ல" என்றாள். "இதே மேடையில நாற்காலி போட்டு உக்கார வச்சு, பெரிய மனுஷர்னு கைதட்டச் சொன்னீங்க. தட்டினேன். அவர் சொன்னதை நம்பினேன். நம்பினது தப்புன்னா நீங்களும்தான் நம்பினீங்க. பொய் சொன்னவரைக் கூப்பிட்டு மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்தும் பிரயோஜனம் இல்லை. கடைசி வரிசைவரைக்கும் கேட்கிற குரல் அது, என்ன செய்ய முடியும்? "இங்க இருக்கற யார்கிட்டயாவது 'நீ மத்த பொண்ணுங்க மாதிரி இல்ல'ன்னு அவர் சொல்லியிருந்தா, என்கிட்டயும் அதையேதான் சொன்னாருன்னு தெரிஞ்சுக்கங்க!" என்று கத்திவிட்டுத்தான் இறங்கினாள். எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். கீச்சு அதைப் பார்த்தாள்.

பள்ளியை விட்டு நீக்கினார்கள். கேட்டுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தாள். கீச்சு தனித்தேர்வராக வேறொரு ஊரில் போய்ப் பரீட்சை எழுதித் தேறினாள். அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பள்ளிகளில் நடுவராக உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். கொடுமை என்னவென்றால், சோப்பு விளம்பரம் தொடர்ந்து ஓடியது. எந்தக் கடை வழியாகப் போனாலும் ரேடியோவில் அவள் குரலே அவளைத் துரத்தியது. "அப்பா, இது நம்ம வீட்டு சோப்பு!" அதைக் கேட்கக் கேட்க, இந்தக் குரலே அவர் கொடுத்ததுபோல அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. வெளியில் பேசுவதையே விட்டுவிட்டாள். கடையில் கையைக் காட்டிச் சாமான் வாங்கினாள்.

ஒரு நாள் பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு வாண்டு அந்த விளம்பரத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாகவே வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கீச்சுவுக்குத் தாங்கவில்லை. "இப்படி இல்லடா, 'நம்ம'வை இழுக்கணும்" என்று சொல்லிக் காட்டினாள். குழந்தை வாயைப் பிளந்தது. "ரேடியோ அக்கா!" என்று கத்தியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கீச்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறந்த அன்றைக்கு இந்தக் குரலில்தானே அழுதிருப்பேன், அன்றைக்கு அந்த ஆள் எங்கே இருந்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் வாயை மூடவேயில்லை. பஸ் நிலையத்தில் வண்டி புறப்படும் அறிவிப்புச் சொல்லும் வேலையில் சேர்ந்தாள். அங்கே கண்டக்டராக இருந்த ஒருவர் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, நடந்ததையெல்லாம் முதலில் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "சரி, இதுல நீ என்ன பண்ணினே?" என்றார். உடனே சரி என்றுவிட்டாள். பிறகு ஒரு நாள் தானாகவே டப்பிங் ஸ்டுடியோவின் கதவைத் தட்டி, "என்னை யாரும் கண்டுபிடிச்சு அனுப்பல, நானே வந்திருக்கேன், பேசிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். கதவைத் திறந்தவர் இந்த ஏலக்காய்க்காரர்தான்.

இப்படிப்பட்டவளிடம்தான் "தப்புதான் டீச்சர்" என்று சொல்லச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் படத்தை வாங்கிய விநியோகஸ்தரே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை, நல்ல வாசனை. சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்திருந்த கீச்சுவைப் பார்த்து அவர் கும்பிட்டார்.

"உங்களை நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க வீட்டுல எல்லாரும் உங்க ரசிகர்கள். இந்த ஊர்ல எத்தனையோ பேர் பேசறாங்க, ஆனா நீங்க மத்தவங்க மாதிரி இல்ல."

கீச்சுவுக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்தும் இவர்களுக்கு வேறு வசனம் கிடைக்கவில்லையே!

"நான் மத்தவங்க மாதிரிதான் சார்" என்றாள். "மத்தவங்களுக்கும் கோபம் வரும். சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

அவர் சிரிப்பைக் கலைக்காமலே தொடர்ந்தார். "ஒரே ஒரு வரிதானேம்மா. நீங்க பெரிய மனசு பண்ணணும்."

"ஒரு வரிதான் சார். அப்ப நீங்களே விட்டுக்குடுங்களேன்."

"வேற ஒருத்தரை வச்சுப் பேசிக்குவோம்."

"பேசிக்குங்க. ஆனா படம் முழுக்க நான், மன்னிப்புக்கு மட்டும் இன்னொருத்தின்னா, கடைசியில வேற பொண்ணு உள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். முதல்லேருந்து எல்லாத்தையும் அவங்களையே பேசச் சொல்லுங்க. என் குரலை மொத்தமா எடுத்துடுங்க. நான் சண்டைக்கு வர மாட்டேன்."

மொத்தமாக எடுப்பதற்கு நேரம் இல்லை. சுவரொட்டி ஒட்டியாயிற்று, தியேட்டர் பிடித்தாயிற்று. விநியோகஸ்தரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. வாசனை மட்டும் மிச்சமிருந்தது. வசனக்காரரையும் ஒலிப்பதிவாளரையும் தனியாக அழைத்துக்கொண்டு போய்ப் பேசினார். போகும்போது கீச்சு பக்கம் திரும்பவில்லை. இனி அவர் வாங்கும் படங்களுக்கு அவளைக் கூப்பிடுவதில்லை என்று முடிவாகிவிட்டதாக ஒலிப்பதிவாளர் பிற்பாடு வந்து சொன்னார்.

"அந்த வரியை என்னண்ணே பண்ணாங்க?"

அவர் ஏலக்காயைக் கடித்தார். "வரியே வேண்டாம்னுட்டாங்க. அந்த இடத்துல மியூசிக்கைத் தூக்கி வச்சு மூடச் சொல்லிட்டாங்க. பொண்ணு வாயசைப்பா. ஒண்ணும் கேக்காது. நான் சொல்லிப் பாத்தேன், கீச்சு. கேக்கல."

கீச்சுவுக்கு இதைவிட அவர்கள் மன்னிப்பையே வைத்துத் தொலைத்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. மறுபடியும் அவள் மைக்கை அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதானே?

படம் வெளியான வாரம், மதியக் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்டக்டருக்கு அன்றைக்கு டியூட்டி. தியேட்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒரு கும்பலாக முன்னால் உட்கார்ந்து நொறுக்குத் தீனி தின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இப்போது காது சற்று மந்தம். கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு உரக்கப் பேசுவாள்.

"அந்தப் பொண்ணு நல்லா நடிக்குதுடி. உன் குரல்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"சும்மா பாரும்மா."

"அவன் மூஞ்சியைப் பாரு, திருட்டு முழி. இவளுக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "நமக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. மழை. வகுப்பறைக் கதவு திறந்தது. ஆசிரியை கேட்டாள், "இவ்வளவு நாள் எங்க போயிருந்த?" பெண் நடந்துபோய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையால் புத்தகத்தைத் திறந்தாள். வயலின்கள் குபீரென்று கிளம்பின. பெண் நிமிர்ந்தாள்.

இப்படிச் செய்வதாக கீச்சு திட்டம் போட்டு வரவில்லை. உதடு பிரிவது கண்ணில் பட்டது. அந்த உதட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! தானாகவே எழுந்து நின்றுவிட்டாள். பஸ் இன்ஜின்களின் உறுமலுக்கு மேல் ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பழகிய குரல். வயலின்களெல்லாம் எம்மாத்திரம்?

"இப்ப வந்துட்டேன். பாடத்தை நடத்துங்க!"

இம்மி பிசகாமல் வாயில் போய் ஒட்டியது. முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. திரையில் இருந்தவள்தான் பேசினாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக் கும்பலிலிருந்து ஒருத்தி "அப்படிப் போடு!" என்று கத்தினாள். மற்றவர்கள் ஓவென்று கைதட்டினார்கள். பின்னால் இருந்தவர்கள்தான், நின்றுகொண்டிருந்த பெண்மணியைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரைத் தட்டிக் காட்டத் தொடங்கினார்கள். எவரோ "உக்காரும்மா, மறைக்குது" என்றார்.

டார்ச் விளக்கோடு தியேட்டர்காரர் ஓடிவந்தார். வெளிச்சம் கீச்சுவின் முகத்தில் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"யாரும்மா இங்க சத்தம் போட்டது?"

கீச்சு வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"என் பொண்ணுதான்" என்றாள், தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி. "டப்பிங் வேலை பாக்குறா. கொஞ்சம் பாக்கி நின்னுபோயிருந்துச்சு, முடிச்சுட்டா. நீங்க லைட்டை அணைங்க, பேரெல்லாம் போடறான், இவ பேரு வருதான்னு பாக்கணும்."